மெட்ராஸ் வரைக்கும் கேட்ட வெடி

எனக்கு நன்றாக அழ வரும். கிளிசரின் வேண்டாம். இடது கண்ணில் மட்டும் அழு என்றால்கூட அழுவேன். ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒன்றரை வருஷம் கதாநாயகனின் தங்கச்சியாகக் காபித் தட்டோடு நடந்தவள் நான். காலி டம்ளரை ஏந்திக்கொண்டு உள்ளே கொதிக்கிற காபி இருப்பதுபோல நடக்கவும் வரும். வராதது ஒன்றே ஒன்றுதான். வெடிச் சத்தத்துக்குப் பயப்பட வராது.

அது என் குற்றமா? நான் பிறந்து வளர்ந்தது சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மா, முட்டி வலி வந்து வீட்டில் உட்காருகிறவரை, அதே கம்பெனியில் சரவெடி பின்னினாள். சாயங்காலமானால் யாராவது ஒரு கம்பெனிக்காரர் புது அயிட்டத்தைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்ப்பார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அதற்குப் புரண்டுகூடப் படுக்காது. டமார் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருத்தர் "மருந்து கூடிப்போச்சு" என்பார், இன்னொருத்தர் "இல்ல, காயிதச் சுத்து பத்தல" என்பார். வெடிக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

என் முகம் முதன்முதலாக அச்சில் வந்ததும் பட்டாசு டப்பாவில்தான். அப்போது ஆறாம் வகுப்பு. திருத்தங்கலில் அப்பாவுக்குத் தெரிந்த பிரஸ்ஸில் தரைச்சக்கர லேபிளுக்குச் சிரிக்கிற பிள்ளை ஒன்று வேண்டுமென்றார்கள். போய்ச் சிரித்தேன். ஒரு கலர் கொஞ்சம் நகர்ந்து அச்சாகிவிட்டதில் எனக்கு இரண்டு மூக்கு வந்துவிட்டது. அந்தச் சீசன் முழுக்க இரண்டு மூக்கோடுதான் ஊர் ஊராக லாரியில் போனேன். அம்மா அந்த டப்பாவை இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "இதுல எடப்பக்கம் இருக்கதுதான் எம்மக மூக்கு" என்று விளக்கமும் சொல்லுவாள்.

தொடர் முடிந்த கதைக்கு வருகிறேன். என் பாத்திரத்தைக் கொல்வதற்குக்கூட அவர்களுக்கு நேரமில்லை. மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள் என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தொடரில் அமெரிக்கா போனவர்கள் யாராவது திரும்பி வந்து பார்த்திருக்கிறீர்களா? தெருவில் "ஒம்மக அமெரிக்காவுல சொகமா இருக்காளா மதினி?" என்று கேட்டால், அம்மாவும் வெட்கமில்லாமல் "ஒரே குளிராம்" என்பாள். நான் அந்நேரம் வடபழனியில் மூன்று பெண்களோடு ஒரே அறையில், ஃபேனுக்கு நேர்கீழே யார் படுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் வேலை இல்லை. போகாத ஆடிஷன் இல்லை. கடைசியில் அப்பா போன் பண்ணினார்.

"திருத்தங்கல் பிரஸ்ல டிசைனிங் செக்‌ஷன்ல ஒனக்குச் சொல்லி வச்சிருக்கேன். தீவாளிக்கு வரும்போது பெட்டியையும் தூக்கிட்டு வந்துரு. போதும் தாயி."

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தாயி என்று சொல்லிவிட்டார். சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே சினிமா வாய்ப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? இந்தத் தடவை காபி இல்லை. கல்யாணப் பெண்! மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்து வாசலுக்கு வருகிற நேரத்தில் வெளியே குண்டு வெடிக்கிறது. உள்ளே நிற்கிற மணப்பெண் பயந்து அலறுகிறாள். அந்த அலறலில்தான் கதையே திரும்புகிறது என்று இயக்குநர் கையை விரித்துச் சொன்னார். நான் வெடி என்ற வார்த்தையைக் காதிலேயே வாங்கவில்லை. கல்யாணப் பெண் என்பதோடு என் காது அடைத்துக்கொண்டது. அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அன்றைக்கே சாத்தூர் காராச்சேவு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். இனி நான் தோற்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேவைத் திருப்பி வாங்கவா முடியும்?

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. எனக்குப் பட்டுப் புடவை, ஒட்டியாணம், தலை நிறையப் பூ. பக்கத்தில் தோழியாக நிற்க ஒரு கோயம்புத்தூர்ப் பெண். வாசலுக்கு வெளியே எஃபெக்ட்ஸ் மாஸ்டர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வாளிக்குள் வெடியை வைத்துவிட்டு எட்ட நின்றார்.

முதல் டேக். வெடித்தது. நான் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"கட்! ஏம்மா, குண்டு வெடிச்சுது."

"ஆமா சார், கேட்டுச்சு."

"கேட்டா பயப்படணும்ல?"

இரண்டாவது டேக்கில், என்ன வெடி, எத்தனை சுற்று என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அலறவேண்டும் என்பதே ஞாபகம் வந்தது. அதற்குள் புகையே கலைந்துவிட்டது. மூன்றாவது டேக்கில் உஷாராக இருந்தேன். திரி எரிகிற சத்தம் காதில் விழுந்தது, இத்தனை நீளத் திரிக்கு இவ்வளவு நேரம் என்று கை விரலில் எண்ணி, சரியாக அலறினேன். வெடி எனக்குப் பிறகு வெடித்தது. குண்டுக்கு முன்னாடியே அலறினால் குண்டு வைத்ததே நீதான் என்று ஆகிவிடும் என்றார் இயக்குநர்.

நான்காவது டேக்கில்தான் மானம் போனது. வெடி "டொப்" என்று ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. நான் மணக்கோலத்தில், கேமராவை நேராகப் பார்த்து, "அண்ணே, நமுத்துப்போச்சு. வெயில்ல காய வச்சீகளா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

மண்டபமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. எஃபெக்ட்ஸ் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

சும்மா பரீட்சை பார்க்க அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணை அலறச் சொன்னார்கள். அவள் போட்ட "வீல்" சத்தத்தில் மண்டபத்துத் தென்னை மரத்திலிருந்த காக்கா எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நீ பயந்தாகணும். இல்லைன்னா அந்தப் பொண்ணை மணவறையில நிக்க வச்சிடுவோம். புடவை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார், இலையில் ஊறுகாய் வைக்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில் எனக்கு அலறல் பாடம் எடுத்தது அதே கோயம்புத்தூர்ப் பெண். தங்கமான மனசு. என் இடம் அவளுக்கு வரப்போகிறது, ஆனாலும் என் வயிற்றில் கையை வைத்து "இங்கிருந்து வரோணுமுங்க" என்றாள். இருவரும் மாற்றி மாற்றி அலறினோம். லாட்ஜ் மேனேஜர் கதவைத் தட்டி, "என்னாச்சும்மா?" என்று பதறினார். "ஒண்ணுமில்ல சார், பயந்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். அவர் படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பாடம் ஏறவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வெடிச் சத்தத்துக்கு எப்படிம்மா பயப்படுறது?"

"எதுக்குப் புள்ள பயப்படணும்? வெடின்னா வெடிக்கத்தான செய்யும்" என்றாள் அம்மா.

அப்பா போனைப் பிடுங்கினார். "என்ன வெடி வைக்கான்? எம்புட்டுப் பெருசு?"

சொன்னேன்.

"அதுக்கா பயப்படச் சொல்லுதான்? அதுக்கு நீ பயந்தா எனக்குல்ல கேவலம்! கம்பெனியில நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமா?"

"அப்பா, பயப்படலைன்னா சான்ஸ் போயிரும்பா."

அப்பாவின் அதட்டல் இறங்கிவிட்டது. பிறகு, "பிரஸ்ல எடம் அப்படியேதான் இருக்கு தாயி" என்றார். அந்த நேரத்தில் கேமரா இருந்திருந்தால் ஒரே டேக்கில் அழுதிருப்பேன். அழுகையா கேட்டார்கள், பாவிகள்.

மறுநாள் காலையிலிருந்து மூன்று டேக். மூன்றும் போச்சு. கடைசி டேக்கில் நான் போட்ட அலறலைக் கேட்டு ஒலிப்பதிவாளர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "இது கொட்டாவிம்மா" என்றார். மணி பதினொன்று. சமையல் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது. மத்தியானச் சாப்பாடு என்னைத் தேடி வருகிறது என்று தெரிந்தது. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் ஒட்டியாணத்தின் அளவு கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் அடுத்த வெடிக்குத் திரி சொருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், யாரும் எதிர்பாராமல், மண்டபத்துக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டர் லாரியின் டயர் வெடித்தது.

டமார்!

கோயம்புத்தூர்ப் பெண் நிஜமாகவே அலறிக்கொண்டு ஸ்டூலுக்கு அடியில் போய்விட்டாள். இயக்குநர் நாற்காலியோடு சாய்ந்தார். எஃபெக்ட்ஸ் மாஸ்டர், என்ன சொல்ல, வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அலறவில்லை. அசையவும் இல்லை. என் கை மட்டும் தானாக இடுப்புக்குப் போய், ஒட்டியாணத்துக்குள் செருகியிருந்த போனை எடுத்து, வீட்டு நம்பரைப் போட்டது.

எங்கள் ஊரில் சாயங்காலம் கேட்கிற சத்தம் வேறு, பகல் பதினொரு மணிக்குக் கேட்கிற சத்தம் வேறு. சாயங்காலச் சத்தம் சோதனை. பகல் சத்தம் கம்பெனிக்குள் இருந்து வருவது. அதற்கு எங்கள் ஊரில் யாரும் அலற மாட்டார்கள். செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நிற்கும், எல்லார் கையும் போனுக்குப் போகும். ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தன் போனை முதல் பெஞ்சில் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி வீட்டுக்குப் பேசிவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தோம். என் அம்மா எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாட்ச்மேனிடம்தான் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் போனை அடுத்த பிள்ளையிடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து அம்மா செருப்பில்லாமல், முழங்கை வரை வெள்ளி நிற மருந்தோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். வெடித்தது வேறு கம்பெனியில். அன்றைக்கு எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

செங்கல்பட்டில், பட்டுப் புடவையில், நான் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையாகத்தான் நின்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை. இரண்டாம் தடவை போட்டேன். எடுத்துவிட்டாள்.

"என்ன புள்ள, மிக்ஸி ஓடுதுல்ல, எப்படிக் கேக்கும்?"

"அம்மா! எங்கிட்டும்மா? அப்பா எங்கம்மா?"

"எது எங்கிட்டு?"

"வெடிச்சதும்மா!"

"இங்கன ஒண்ணும் வெடிக்கலையே." மிக்ஸி நின்றது. பிறகு அம்மாவின் குரல் மாறிவிட்டது. "ஒனக்குக் கேட்டுச்சா? மெட்ராஸ்ல ஒனக்குக் கேட்டுச்சா?"

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. "அம்மா, இல்லம்மா, இங்க லாரி டயரு" என்று சொல்லுவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை நான் ஊருக்குப் போய்த்தான் முழுசாகக் கேட்டேன். அம்மா முதலில் கம்பெனி வாட்ச்மேனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அடுத்தபடியாக வாசலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டு மதினியிடம், "எம்மகளுக்கு மெட்ராஸ்ல சத்தம் கேட்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். மதினி அறிவுள்ளவள். மெட்ராஸ் வரைக்கும் கேட்டதென்றால் எம்புட்டுப் பெரிய வெடியாக இருக்கும் என்று யோசித்திருக்கிறாள். நமக்கு ஏன் கேட்கவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் தெருவே வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊர் ஆனைக்குட்டம் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்திருக்கிறது. ஆனைக்குட்டத்துக்காரர்கள் விஸ்வநத்தம் பக்கம் பார்த்திருக்கிறார்கள்.

ஆனைக்குட்டத்திலிருந்து சித்தப்பா என்னையே கூப்பிட்டார். "ஏ புள்ள, எங்கிட்டு வெடிச்சது? எங்களுக்குக் கேக்கவே இல்லையே" என்று, ஏதோ தன் காதில் கோளாறு மாதிரி, ரொம்பச் சங்கடப்பட்டுக் கேட்டார்.

கடைசியாக வாட்ச்மேன் போனிலிருந்து அப்பா.

"ஏ கோட்டிக்காரி! வாட்ச்மேன் அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடியாந்து என்னையத் தொட்டுத் தொட்டுப் பாக்காரு, 'உசுரோட இருக்கீகளா, உசுரோட இருக்கீகளா'ன்னு! நான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

அந்தக் குரலைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். இரண்டு கண்ணிலும் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். மை கரைந்து கழுத்து வரை ஓடியது. மேக்கப் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

தலை நிமிர்ந்து பார்த்தால், இயக்குநர் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தக்கூட இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"யாருக்குப் போன் பண்ணினே?"

"அம்மாவுக்கு சார். எங்க ஊர்ல சத்தம் கேட்டா வீட்டுக்குத்தான் பண்ணுவோம்."

"உங்க ஊர் எது?"

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அலற வேண்டாம்மா. அதையே பண்ணு. மாப்பிள்ளைக்குப் போன் பண்றதா வச்சுக்கோ" என்றார்.

மேனேஜர் ஒட்டியாணப் பேச்சை நிறுத்தினார். மாஸ்டர் திரியைப் பற்றவைத்தார். இந்த முறை நன்றாகக் காய்ந்த வெடி. நான் நின்றேன், போனை எடுத்தேன், சும்மா விரலை ஆட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். விரல் கேட்கவில்லை, வீட்டு நம்பரையே போட்டுவிட்டது. மணி அடிக்கிறது. கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அம்மா எடுக்க வேண்டும் என்று சாமியை வேண்டுகிறேன், வேலையில்லாமல். எடுத்தாள்.

"இது நெசமா, படமா?" என்றாள்.

அதற்கு நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. டேக் ஓகே. கோயம்புத்தூர்ப் பெண்தான் முதலில் கை தட்டினாள். மத்தியானம் இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன்.

படம் வந்தது. சிவகாசி தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சிக்குத் தெருவே கிளம்பியது. அப்பா கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டையில் வந்தார். வாட்ச்மேன் அண்ணாச்சியும் வந்தார், அந்தப் படத்தில் தனக்கும் பங்கு இருக்கிறதாம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் நான் வந்ததும் மதினி சத்தமாக, "அமெரிக்காவுல இருந்து வந்துட்டா!" என்றாள்.

குண்டு வெடிக்கிற காட்சி வந்தது. தியேட்டர் அதிர்கிற மாதிரி சத்தம் வைத்திருந்தார்கள். ஒருத்தர்கூட அசையவில்லை. "சுத்து பத்தலலே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

திரையில் நான் அலறாமல் நின்றேன். கை இடுப்புக்குப் போனது. போனை எடுத்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் யாரையும் சும்மா இரு என்று சொல்லவில்லை, தானாக நின்றது. திரையில் மணி அடித்தது. அடுத்த விநாடி என் மடியிலும் மணி அடித்தது. பதறிப்போய்ப் போனைப் பார்த்தேன். அம்மா.

திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் அம்மா காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் திரையைவிட்டு அகலவில்லை. திரையில் நிற்கிற பிள்ளைக்குத்தான் பண்ணியிருக்கிறாள். போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"நல்லாருக்கியா?" என்றாள்.

"நல்லாருக்கேம்மா."

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல. இடைவேளையில சாப்பிடுறேன்."

"சரி, வைக்கேன்" என்று போனை வைத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "படம் ஓடும்போது என்னடி போன் பேச்சு, அணைச்சு வையி" என்றாள்.